வீட்டில் சாக்லேட் செய்து பரிசளிக்க: நம் ஊர் வெயிலுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

ஊட்டியில் வாங்கிய சாக்லேட் மேட்டுப்பாளையம் வந்து சேருவதற்குள் ஒரே கட்டியாகிவிடும். அனுபவப்படாதவர்கள் குறைவு. கமர்ஷியல் சாலைக் கடையில் தட்டு நிறைய அடுக்கி, எடை போட்டுக் கொடுத்த அதே சரக்குதான். கடைக்காரர் ஏமாற்றவில்லை. சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் வாக்கில் முழுதாக உருகிவிடும், அதற்குச் சில டிகிரி முன்னாலேயே இளகத் தொடங்கும். வாயில் போட்டதும் கரைவதும் இதனால்தான், பையிலேயே கரைவதும் இதனால்தான். ஊட்டிக்கு இது பொருட்டே இல்லை. சென்னை, மதுரை, திருச்சிக்கு வருஷத்தில் பாதி நாள் இதுதான் பிரச்சினை.

இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பாதி, சமையலறையே 20 டிகிரியில் இருக்கும் ஊர்க்காரர்கள் எழுதியவை. அதை அப்படியே நம் வீட்டில் செய்தால் சாக்லேட் செட் ஆகாது; அப்படியே செட் ஆனாலும் நாலு நாளில் மேலே வெள்ளை பூத்து நிற்கும். அதனால் இந்த வழிகாட்டியைக் கடைசியிலிருந்து தொடங்குகிறேன். வாங்குகிறவர் பெட்டியை எங்கே, எத்தனை நாள் கழித்துத் திறக்கப் போகிறார்? அதற்கு விடை கிடைத்த பிறகுதான் எந்தச் சாக்லேட் வாங்குவது என்று யோசிக்க வேண்டும்.

பெட்டி எப்படிப் போகப் போகிறது?

கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்கப் போகிறீர்களா? அது நாலைந்து வீடு ஏறி இறங்கி, கைப்பையில் மணிக்கணக்காகக் கிடந்துதான் வீடு போகும். தீபாவளிக்குப் பலகாரத் தட்டில் வைக்கப் போகிறீர்களா? அப்போது வெயில் குறைவு, ஆனால் வடகிழக்குப் பருவமழைக் காலம், காற்றில் ஈரம் அதிகம். பள்ளியில் குழந்தையின் பிறந்தநாளுக்கு என்றால் முந்திரி, பாதாம், வேர்க்கடலை எதுவும் வேண்டாம். எந்தக் குழந்தைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று நமக்குத் தெரியாது. அலுவலகத்தில் ஏசியில் உட்கார்ந்திருக்கும் நண்பருக்கு நேரில் கொடுப்பது என்றால் எதையும் செய்யலாம், கவலையே இல்லை.

வெளியூருக்கு அனுப்புவது தனிக் கதை, பின்னால் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் மட்டும் அனுப்பாதீர்கள். அந்த இரண்டு மாதத்துக்கு முறுக்கு பிழிந்து அனுப்பலாம்.

காம்பவுண்டா, கூவெர்ச்சரா?

பேக்கரி சாமான் கடையில் கட்டி சாக்லேட் கேட்டால் பெரும்பாலும் காம்பவுண்ட்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 400, 500 கிராம் கட்டியாக, டார்க், மில்க், ஒயிட் என்று மூன்று வகை. இதில் கோகோத் தூள் இருக்கும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் பாமாயில் வகைக் கெட்டிக் கொழுப்பு இருக்கும். உருக்கி அச்சில் ஊற்றினால் போதும், தானாகக் கெட்டியாகும். விலையும் குறைவு, கோகோ வெண்ணெயைவிடக் கொஞ்சம் கூடுதல் சூடு தாங்கும். குறை என்னவென்றால் ருசி. நல்ல சாக்லேட் சாப்பிட்டுப் பழகியவருக்கு நாக்கில் மெழுகு ஒட்டியது மாதிரி ஒரு எண்ணம் வரும்.

கூவெர்ச்சர் என்பது கோகோ வெண்ணெய் நிறைய உள்ள அசல் சாக்லேட். உடைத்தால் டக்கென்று சத்தம் வரும், மேலே கண்ணாடிப் பளபளப்பு இருக்கும். ஆனால் டெம்பரிங் என்கிற, உருக்கிப் பக்குவமாக ஆறவைக்கும் வேலையைச் செய்தே ஆக வேண்டும். விலையும் அதிகம். 2024 மார்ச்சில் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியது. ஐவரி கோஸ்ட்டிலும் கானாவிலும் விளைச்சல் விழுந்ததுதான் முக்கியக் காரணம். அப்போது கூவெர்ச்சர் விலையைக் கேட்டாலே பயமாக இருந்தது. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ வளர்கிறது. அந்தக் கொட்டையில் செய்த சாக்லேட்டும் கிடைக்கிறது. பரிசுக்கு அதைவிட நல்ல சரக்கு எனக்குத் தெரியவில்லை.

எது எது என்று அட்டையில் எழுதியிருக்கும். சேர்மானப் பட்டியலில் கோகோ பட்டர் இருந்து, வேறு தாவரக் கொழுப்பு இல்லாவிட்டால் அது அசல். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்று இருந்தால் காம்பவுண்ட், முன்பக்கம் என்ன படம் போட்டிருந்தாலும் சரி.

என் கணக்கு இது: கை மாறி கை போகிற பரிசு, குழந்தைகளுக்கான பரிசு, ஐம்பது பேருக்கு மேல் கொடுக்கிற பரிசு என்றால் காம்பவுண்ட். ருசி தெரிந்த நாலு பேருக்கு நேரில் கொடுப்பது என்றால் கூவெர்ச்சர். 'பாதி பாதி கலந்தால் விலையும் கட்டும், ருசியும் வரும்' என்று சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டு கொழுப்பும் ஒன்றோடொன்று சேராது. கலவை மெத்தென்று இருக்கும், சீக்கிரமே வெள்ளை பூக்கும். டார்க் காம்பவுண்டையும் மில்க் காம்பவுண்டையும் கலப்பதில் தவறில்லை, இரண்டும் ஒரே குடும்பம். இரண்டு பங்கு டார்க், ஒரு பங்கு மில்க் பெரும்பாலானவர்களுக்குப் பிடிக்கும்.

எவ்வளவு வாங்குவது

பெட்டிக்கு 12 வீதம் 10 பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டு 10 கிராம் என்றால் மொத்தம் 1.2 கிலோ. ஒரு கிலோ சாக்லேட், 250 கிராம் பருப்பு வகை. கிண்ணத்தில் ஒட்டுவது, உடைவது, வீட்டில் இருப்பவர்கள் நடுவில் எடுத்து வாயில் போடுவது எல்லாம் சேர்த்து இன்னொரு கால் கிலோ சாக்லேட் கூடுதலாக வாங்கிவிடுங்கள். கடைசிக் கணக்கு எப்போதும் நாம் நினைப்பதைவிட அதிகம்.

குறைந்தது மூன்று அச்சு வேண்டும்; ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருப்பது எரிச்சல். சிலிக்கான் அச்சில் எடுப்பது சுலபம். பளபளப்பு வேண்டுமென்றால் கெட்டியான பாலிகார்பனேட் அச்சு. அப்புறம் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர், உள்ளே நுனியை விட்டுப் பார்க்கிற வகை. கூவெர்ச்சர் செய்வதாக இருந்தால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எஃகுக் கிண்ணம், ரப்பர் ஸ்பேட்டுலா, பட்டர் பேப்பர் வீட்டிலேயே இருக்கும்.

உள்ளே போடுவதை முதலில் தயார் செய்யுங்கள்

சாக்லேட் உருகிய பிறகு பருப்பு வறுக்க நேரம் இருக்காது. இதை முந்தின நாளே முடித்துவிடலாம்.

பாதாம், முந்திரியை அடிகனமான வாணலியில் சிறு தீயில் பொறுமையாக வறுங்கள். நெய் விடக் கூடாது. ஒரு பாதாமை இரண்டாக உடைத்துப் பாருங்கள். உள்ளே வெண்மை மாறி இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெளியே மட்டும் சிவந்து உள்ளே வெள்ளையாக இருந்தால் அது இரண்டு வாரத்தில் நமுத்துப் போகும். முழுசாக ஆறிய பிறகுதான் சாக்லேட்டில் போட வேண்டும்.

உலர் திராட்சையைக் கழுவினால் இரண்டு நாள் உலர்த்த வேண்டும், அதனால் சுத்தமானதாக வாங்கித் துணியில் துடைத்துக்கொள்வது மேல். தேங்காய் ஆசை இருந்தால் கடையில் கிடைக்கும் உலர்ந்த தேங்காய்த் தூள்தான். பச்சைத் தேங்காய்த் துருவல் கெட்டுப்போகும். காபி ருசிக்கு டிகாக்‌ஷன் விடவே கூடாது, இன்ஸ்டன்ட் காபித் தூளைப் பொடித்துச் சேருங்கள். சுக்குத் தூள், ஏலக்காய்த் தூள், மிளகுத் தூள் மூன்றும் டார்க் சாக்லேட்டோடு நன்றாகப் போகும். அரை கிலோவுக்கு அரைத் தேக்கரண்டி போதும்.

எனக்குப் பிடித்தது கடலை மிட்டாய். கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது எல்லோருக்கும் தெரியும். அதைச் சாக்லேட்டுக்குள் போடலாம் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை. 100 கிராமை உரலில் ஒன்றிரண்டாகத் தட்டி, 250 கிராம் உருக்கிய டார்க்கில் போட்டுக் கிளறி, சிட்டிகை உப்பு சேர்த்து, பட்டர் பேப்பரில் கரண்டியால் சிறு சிறு குவியலாக வைத்துவிடுங்கள். அச்சே தேவையில்லை. வெல்லப்பாகு காற்றுப் பட்டால் பிசுபிசுக்கும்; சாக்லேட் மூடியிருப்பதால் மொறுமொறுப்பு அப்படியே நிற்கும்.

தண்ணீர்

ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், உருகிய சாக்லேட் முழுவதும் இறுகி மணல் மாதிரி கட்டிதட்டிவிடும். சாக்லேட்டில் உள்ள சர்க்கரைத் துகள்கள் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வருவது இது. கிண்ணம், ஸ்பேட்டுலா, அச்சு, கை எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். மரக்கரண்டி ஈரத்தை வைத்துக்கொள்ளும், தவிர்த்துவிடுங்கள். பக்கத்து அடுப்பில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது இந்த வேலையில் இறங்காதீர்கள். ஒயிட் சாக்லேட்டுக்கு நிறம் சேர்ப்பதாக இருந்தால் எண்ணெயில் கரைகிற நிறம் வேண்டும். கேசரிக்குப் போடுகிற கலரைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் தீர்ந்தது.

கட்டிதட்டியதை அச்சுக்கு மீட்க முடியாது. தூக்கிப் போட வேண்டியதும் இல்லை. சூடான பாலோ கிரீமோ கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கலக்கினால் சாஸ் ஆகிவிடும், ஐஸ்கிரீமுக்கு ஊற்றிக்கொள்ளலாம்.

காம்பவுண்டை உருக்குவது

இதில் சொல்ல அதிகம் இல்லை. கட்டியைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு பாத்திரத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, மேலே கிண்ணத்தை வையுங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. பாத்திரத்தின் வாயை ஆவி வராதபடி கிண்ணம் மூடியிருக்க வேண்டும். முக்கால்வாசி உருகியதும் கீழே இறக்கிக் கிளறினால் மிச்சமும் உருகிவிடும். இறக்கியவுடன் கிண்ணத்தின் அடியைத் துணியால் துடையுங்கள், ஊற்றும்போது அங்கிருந்துதான் சொட்டும். மைக்ரோவேவ் என்றால் பாதி சக்தியில் 30 விநாடி, எடுத்துக் கிளறு, மறுபடி 30 விநாடி.

கையில் வைத்தால் வெதுவெதுப்புக்குச் சற்று மேல் இருந்தால் போதும். சூடு அதிகமானால் கெட்டிப்பட்டுக் கருகும். ஒயிட்டும் மில்க்கும் பால் பொடி இருப்பதால் முதலில் போகும்.

டெம்பரிங்: பொறுமை வேண்டிய இடம்

கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறைய முடியும். அதில் ஐந்தாவது வகைதான் நமக்கு வேண்டியது. பளபளப்பு, டக்கென்று உடைவது, விரலில் சட்டென்று ஒட்டாமல் இருப்பது எல்லாம் அதன் குணம். சும்மா உருக்கி ஊற்றினால் மற்ற வகைகளும் கலந்து உறைந்து, மங்கலாக, மெத்தென்று வரும். உருக்கிய சாக்லேட்டில் நல்ல படிகங்களை விதைத்து, மற்றவையும் அதைப் பார்த்து அடுக்கிக்கொள்ளும்படி செய்வதுதான் டெம்பரிங். பாலில் உறை ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள்; உறைமோர் நன்றாக இருந்தால்தான் தயிர் நன்றாக வரும், சூடு தப்பினாலும் தயிர் தப்பும்.

அறை வெப்பம் முதலில். ஏசியை அரை மணி நேரம் முன்பே போட்டு 22 டிகிரி வாக்கில் கொண்டுவாருங்கள். சமையலறையில் ஏசி யாருக்கும் இருக்காது. அதனால் அடுப்பு வேலை மட்டும் அங்கே, மற்றதெல்லாம் படுக்கையறையில் ஒரு மேசையைப் போட்டுத்தான். ஏசி காற்றின் ஈரத்தையும் குறைக்கும், அதுவும் லாபம். 30 டிகிரி அறையில் கூவெர்ச்சரைக் கையில் எடுக்காதீர்கள், அது அமையவே அமையாது.

500 கிராமாகச் செய்யுங்கள். அளவு மிகவும் குறைந்தால் வெப்பம் கையில் நிற்காமல் ஓடும். 350 கிராமை உருக்கி, டார்க் என்றால் 45 முதல் 50 டிகிரி வரை, மில்க்கும் ஒயிட்டும் என்றால் 40 முதல் 45 வரை கொண்டுபோங்கள். பழைய படிகங்கள் எல்லாம் கரைய இது அவசியம். மிச்சம் 150 கிராமைப் பொடியாக நறுக்கி வைத்திருப்பீர்கள் அல்லவா, அதுதான் விதை. கிண்ணத்தை ஆவியிலிருந்து இறக்கி, விதையை மூன்று நாலு தடவையாகப் போட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். முதலில் போட்டது சட்டென்று கரையும். வெப்பம் 34-க்குக் கீழே வந்ததும் கரைவது மெதுவாகும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு மறுபடி சூடாக்குவார்கள். வேண்டாம், கிளறுங்கள். கிளறக் கிளறத்தான் படிகம் பரவும்.

டார்க் 31 முதல் 32 டிகிரிக்கு வந்தால் வேலைக்குத் தயார். மில்க் 29 முதல் 30. ஒயிட் 28 முதல் 29. அப்போதும் கரையாத துண்டுகள் மிதந்தால் எடுத்து வைத்துவிடுங்கள், அடுத்த தடவைக்கு விதையாகும்.

சரியாக வந்ததா என்று பார்க்காமல் அச்சில் ஊற்றக் கூடாது. கத்தி முனையை முக்கி எடுத்து ஏசி அறையில் வையுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் கோடு, திட்டு எதுவும் இல்லாமல் பளபளவென்று கெட்டியானால் சரி. ஈரமாகவே இருந்தால் இன்னும் கொஞ்சம் விதை போட்டுக் கிளறுங்கள். ஊற்றும்போது நடுவில் கெட்டிப்பட ஆரம்பித்தால் முடி உலர்த்தும் டிரையரைக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் சில விநாடி காட்டுங்கள். டார்க் 34-ஐத் தாண்டிவிட்டால் விதை எல்லாம் போச்சு. மறுபடி 45-லிருந்து தொடங்க வேண்டியதுதான். சாக்லேட் வீணாகாது, நேரம்தான் போகும்.

அச்சில் ஊற்றி எடுப்பது

பாலிகார்பனேட் அச்சை உலர்ந்த பஞ்சால் குழிக்குழியாகத் துடையுங்கள். எண்ணெய் தடவுவது வேண்டாம். பாதி ஊற்றி, பருப்பு வைத்து, மேலே ஊற்றி, மேசையில் நாலு தட்டுத் தட்டினால் காற்றுக் குமிழி மேலே வந்து உடையும். மேற்பரப்பைக் கத்தியால் வழித்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜில் பத்துப் பதினைந்து நிமிடம் போதும், ஃப்ரீசர் வேண்டாம். அச்சின் அடிப்பக்கத்தைப் பார்த்தால் சாக்லேட் அச்சை விட்டு விலகி மங்கலாகத் தெரியும். அப்போது கவிழ்த்தால் தானே விழும். விழவில்லை என்றால் இன்னும் ஐந்து நிமிடம். இழுத்துப் பிடுங்கினால் மேலே விரல் ரேகை விழும்; எடுக்கும்போது மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் அழகு கெடாது.

நேரில் கொடுப்பவர்களுக்கு: கருப்பட்டி ட்ரஃபிள்

ட்ரஃபிள் என்பது கிரீம் சேர்த்து உருட்டுகிற மெத்தென்ற சாக்லேட் உருண்டை. இது தள்ளிப் போகிற பரிசு இல்லை. அன்றோ மறுநாளோ கொடுத்து, 'ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் சாப்பிடுங்கள்' என்று சொல்லக்கூடிய மனிதர்களுக்கு.

50 கிராம் கருப்பட்டியை இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மண் இல்லாத கருப்பட்டியை நான் பார்த்ததில்லை. அதைச் சிறு தீயில் தேன் பதத்துக்குச் சுண்டவைத்து ஆறவிடுங்கள். 200 கிராம் டார்க் கூவெர்ச்சரைப் பொடியாக நறுக்கி, 80 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி மேலே ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவிலிருந்து வெளியே மெதுவாகக் கலக்கினால் வழவழவென்று ஒன்றுசேரும். அதற்குப் பிறகுதான் பாகு, சுக்குத் தூள், உப்பு. கிரீமோடு சேர்த்துக் காய்ச்சினால் திரிந்துபோக வாய்ப்புண்டு. நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, கரண்டியால் எடுத்து, உள்ளங்கையில் வேகமாக உருட்டி, இனிப்பில்லாத கோகோத் தூளில் புரட்டுங்கள். இங்கே டெம்பரிங் தேவையில்லை. கை சூடாக இருப்பவர்கள் ஐஸ் தண்ணீரில் கையை நனைத்து நன்றாகத் துடைத்துக்கொண்டு உருட்டலாம்.

வைத்திருப்பது, சுற்றுவது, அனுப்புவது

பருப்பு, கடலை மிட்டாய் போட்டவை ஈரமில்லாமல் வைத்தால் இரண்டு மாதம் தாராளமாக இருக்கும். நம் வீடுகளில் அதற்கு ஃப்ரிட்ஜைத் தவிர வேறு இடம் இல்லை, அதனால் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் உடனே திறக்காதீர்கள். குளிர்ந்த சாக்லேட் மேல் காற்றின் ஈரம் வியர்வை மாதிரி படிந்து, சர்க்கரையைக் கரைத்து, உலர்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலமாக நிற்கும். டப்பா அறை வெப்பத்துக்கு வந்த பிறகு திறந்தால் இது வராது. இன்னொரு விதமான வெள்ளை, உருகி மறுபடி உறைந்ததால் கொழுப்பு மேலே வருவது. விரலால் தேய்த்தால் அது மறையும். இரண்டுமே பூஞ்சை இல்லை, சாப்பிடலாம். இதை வாங்குகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது, இல்லாவிட்டால் உங்கள் உழைப்பு குப்பைக்குப் போகும்.

ஒவ்வொரு துண்டையும் வண்ண ஃபாயில் தாளில் சுற்றினால் ஒன்றோடொன்று உரசாது, கொஞ்சம் இளகினாலும் வடிவம் கெடாது. கைப்பையில் போகிற கொலுப் பரிசுக்கு இதுதான் சரி. பெட்டியில் பேப்பர் கப் வைத்து அடுக்குவது பார்க்க அழகு, ஆனால் நிமிர்த்தியே எடுத்துப் போக வேண்டும். பெட்டிமேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: செய்த தேதி, என்ன பருப்பு இருக்கிறது, பால் இருக்கிறதா, எதுவரை வைக்கலாம். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. நாய் வளர்க்கிற வீடென்றால் வாயாலும் சொல்லிவிடுங்கள்; சாக்லேட், அதிலும் டார்க், நாய்க்கு விஷம்.

வெளியூருக்கு என்றால் தெர்மாகோல் பெட்டி, உறையவைத்த ஜெல் பை இரண்டு, நடுவில் மடித்த செய்தித்தாள். ஜெல் பை சாக்லேட்டை நேராகத் தொடக் கூடாது, அங்கேயும் வியர்க்கும். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை கூரியர் கிடங்கில் கிடக்காது. யாராவது இரவு ரயிலில் ஏசி பெட்டியில் போகிறார்கள் என்றால் அவர்கள் கையில் கொடுத்துவிடுவதைவிட நல்ல வழி கிடையாது. பெறுபவருக்கு முதலிலேயே ஃபோன் செய்து, வந்ததும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைக்கச் சொல்லுங்கள்.

பெட்டிகள் போன பிறகு கிண்ணத்தில் ஒட்டியதும் உடைந்ததும் மிஞ்சும். காம்பவுண்டைப் பட்டர் பேப்பரில் தட்டையாக ஊற்றி வைத்தால் அடுத்த தடவை உருக்கிக்கொள்ளலாம். கூவெர்ச்சரும் அப்படியே, ஆனால் மறுபடி டெம்பர் செய்ய வேண்டும். பருப்புத் தூள் கலந்தது இரண்டுக்கும் ஆகாது, சூடான பாலில் போட்டு அன்றைக்கே குடித்துவிடுங்கள்.